தம்பி நாயுடு

கோவிந்தசாமி கிருஷ்ணசாமி தம்பி நாயுடு 1875ஆம் ஆண்டு மொரீஷியஸ் தீவில் பிறந்தார். அவருடைய பெற்றோர் சென்னை மாகாணத்திலிருந்து பிழைப்புத் தேடி அத்தீவிற்குச் சென்றவர்கள். இளமையிலேயே தென்னாப்பிரிக்காவிற்குக் குடிபெயர்ந்த தம்பி நாயுடு, ஜோகானஸ்பர்க் நகரில் வண்டிகளில் சரக்கு ஏற்றிச் செல்லும் தொழிலை நடத்தி வந்தார்.

பள்ளிப் படிப்பு அவருக்கு வாய்க்கவில்லை. ஆயினும் தமிழிலும் ஆங்கிலத்திலும் தங்கு தடையின்றிப் பேசுவார். இந்துஸ்தானியும் ஓரளவு தெலுங்கும் அறிவார். ஆனால் அவ்விரு மொழிகளின் எழுத்துகளும் அவருக்குத் தெரியா. மொரீஷியஸ் மக்கள் பேசும் கிரியோல் மொழியும் ஆப்பிரிக்கர்களின் பேச்சும் அவருக்குப் பழக்கம். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி, பள்ளியில் வேறொரு மொழி என வளரும் நமக்கு இதில் பெரிய வியப்பில்லை. போராட்டத்தில் இறங்கியபோது அவர் இந்தியாவைக் கண்டதேயில்லை என்பதுதான் வியப்பு.

அந்நாளில் ஜோகானஸ்பர்க் அமைந்திருந்த டிரான்ஸ்வால் பகுதியில் இந்தியர் ஏறத்தாழ 13,000 பேரே வாழ்ந்தனர். வெள்ளையர் அரசு 1907ஆம் ஆண்டில் ஆசியர் பதிவுச் சட்டத்தை நடைமுறைப்படுத்தியது. இந்தியரும் சீனரும் தம் பத்து விரல்களின் ரேகையையும் பதித்துச் சான்றிதழ் பெற வேண்டும். காவலர் எங்கே கேட்டாலும் அதைக் காட்ட வேண்டும். குற்றவாளிகளை நடத்துவது போன்ற இவ்விதியை ஏற்பதில்லை எனக் காந்தியடிகளின் தலைமையில் இந்தியர் உறுதி பூண்டனர். பதிவு அலுவலகத்தின் வாயிலில் நின்று, வருவோரிடம் பணிவுடன் பேசித் திருப்பி அனுப்பும் தொண்டர் படைக்குத் தம்பி நாயுடு தலைவரானார். கெடு முடிந்தபோது பதிவு செய்திருந்தோர் சுமார் 500 பேர் மட்டுமே.

1908 சனவரியில் காந்தியடிகளோடு அவரும் சிறை புகுந்தார். அரசுடன் உடன்பாடு காணச் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் மூவர் கையொப்பமிட்டனர்: காந்தியடிகள், சீனர்களின் தலைவர் லியுங் குவின், தம்பி நாயுடு. விருப்பத்தின் பேரில் பதிவு செய்துகொண்டால் சட்டம் நீக்கப்படும் என்பது உடன்பாடு. இதை ஏற்காத சிலர், பிப்ரவரி 10ஆம் நாள் பதிவு அலுவலகத்திற்கு நடந்து சென்ற காந்தியடிகளைத் தடியால் தாக்கினர். இடையே புகுந்து தடுத்த தம்பி நாயுடுவும் அடிபட்டார். அரசோ வாக்கைக் காக்கவில்லை. ஆகஸ்டு மாதத்தில் இந்தியர் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட சான்றிதழ்களை ஒரு பெரிய கொப்பரையிலிட்டு எரித்தனர்.

அதன்பின் தம்பி நாயுடு சிறைக்குப் போவதும் வருவதுமாகவே இருந்தார். தொழில் நலிந்தது. சிறை சென்றோரின் மனைவி மக்களுக்கு யார் சோறிடுவது என்னும் கேள்வி எல்லாக் குடும்பங்களையும் வாட்டியது. இதற்கு 1910இல் ஒரு வழி பிறந்தது. ஜெர்மானியக் கட்டடக் கலைஞரான காலன்பாக் தமது 1,100 ஏக்கர் நிலத்தை வாடகையின்றி அளித்தார். அங்கே எழுந்த டால்ஸ்டாய் பண்ணையில் தம்பி நாயுடுவின் குடும்பமும் தங்கியது. கூட்டத்திற்குத் தலைமை தாங்கிய அதே மனிதர், நடுத்தெருவில் மூட்டை சுமக்கவும் கூசியதில்லை. அவரிடம் ஒரு குறை உண்டு; முன்கோபம். அது மட்டும் இல்லாதிருந்தால் டிரான்ஸ்வால் இந்தியருக்கு அவரே தலைவராகியிருப்பார் என்று காந்தியடிகள் கருதினார்.

1913ஆம் ஆண்டில் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று, கிறித்தவ முறைப்படி நடவாத திருமணங்கள் செல்லா என்றது. ஒப்பந்தக் காலம் முடிந்த தொழிலாளர் ஆண்டுதோறும் செலுத்த வேண்டிய மூன்று பவுன் வரியும் நீங்கவில்லை. இம்முறை பெண்கள் முன்வந்தனர். பெரும்பாலும் தமிழரான பதினொரு பெண்கள், அவர்களுள் அறுவர் கைக்குழந்தையுடன், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்றனர். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாளும் அவர்களில் ஒருவர். தம்பி நாயுடுவும் உடன் சென்று தொழிலாளரிடம் பேசினார். ஆயிரக்கணக்கானோர் வேலையை நிறுத்தினர். பெண்களுக்கு மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது. பின்னர் இப்போரில் சேர்ந்து சிறை சென்ற தில்லையாடி வள்ளியம்மை, நோயுற்று விடுதலையான சில நாள்களில் உயிர்நீத்தார். 1914இல் வந்த சட்டம் மூன்று பவுன் வரியை நீக்கியது. இந்தியரின் திருமணங்களையும் ஏற்றது.

அவ்வாண்டு காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவை விட்டுப் புறப்பட்டபோது, ஜோகானஸ்பர்க்கில் நடந்த வழியனுப்பு விழாவில் தம்பி நாயுடு தம் புதல்வர் நால்வரை அவரிடம் ஒப்படைத்தார். பணமோ பரிசுப் பொருளோ கொடுக்கும் இடத்தில் பெற்ற பிள்ளைகளையே கொடுத்த தந்தையை அங்கிருந்தோர் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார்கள். வீரம்மாளின் உள்ளம் அன்று என்ன பாடுபட்டிருக்கும் என்பதையும் நாம் நினைத்துப் பார்க்கலாம். அப்புதல்வர்களுள் நாரணசாமி பல ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்து, பின்னர்த் தாம் பிறந்த நாட்டிற்கே திரும்பி, அங்குள்ள இந்தியரின் உரிமைக்காக உழைத்தார்.

தம்பி நாயுடு 1933இல் காலமானார். நாரணசாமியின் மகன் இந்திரஸ், நிறவெறி அரசை எதிர்த்ததற்காக ராபன் தீவுச் சிறையில் பத்தாண்டுகள் அடைபட்டிருந்தார். மகள் சாந்தி 1969இல் கைது செய்யப்பட்டார். வின்னி மண்டேலாவுக்கு எதிராகச் சாட்சி சொல்லுமாறு அரசு அவரை நீதிமன்றத்தில் நிறுத்தியது. அவர் சொல்ல மறுத்துச் சிறைக்கே திரும்பினார்.