ஆகாயக் கற்களுக்காக வழக்காடிய கிளாட்னி

வானத்திலிருந்து கல் விழுந்ததைத் தன் கண்ணால் கண்டதாகக் குடியானவன் ஒருவன் சொல்கிறான். அப்படி விழுவது அசாத்தியம், ஆகவே அவன் கண்டது பிரமை என்று பட்டம் பெற்ற பண்டிதர் ஒருவர் சொல்கிறார். இவ்விருவரில் யாருடைய சொல் சபையேறும் என்று கேட்கவும் வேண்டுமோ? பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரையில் ஐரோப்பாவில் பண்டிதருடைய கட்சியே ஜயித்து வந்தது. அந்தத் தீர்ப்பைப் புரட்டிக் குடியானவனுடைய சாட்சியத்துக்கு உரிய மதிப்பை வாங்கிக் கொடுத்தவர் ஜெர்மானியராகிய எர்ன்ஸ்ட் கிளாட்னி. ஒலி சாஸ்திரத்தில் அவர் செய்த வேலையைப் பௌதிகம் படித்த மாணவர்கள் அறிவார்கள். ஆகாயக் கற்களைப் பற்றிய சாஸ்திரத்துக்கும் அவரே மூலபுருஷர் என்பதை நம்மவர்களில் அறிந்தவர் சிலரே. ஆகவே அவருடைய சரித்திரத்தை இங்கே சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறோம்.

கிளாட்னி 1756-ஆம் வருஷம் நவம்பர் 30-ஆம் தேதி விட்டன்பர்க் நகரத்தில் பிறந்தார். அவருடைய தந்தை அவ்வூர்ச் சர்வகலாசாலையில் சட்டப் பேராசிரியர். கண்டிப்பில் மிகவும் கடுமையானவர். பையனுக்குச் சங்கீதத்திலும் இயற்கைச் சாஸ்திரத்திலும் ஆசை. தகப்பனாருக்கோ அவன் தம்மைப் போல் சட்டம் படித்துத் தீர வேண்டுமென்ற பிடிவாதம். அக்காலத்து வழக்கப்படி தகப்பனாரே வென்றார். விட்டன்பர்க்கிலும் லைப்சிக்கிலும் படித்து 1782-ல் சட்டப் பட்டம் பெற்றார் கிளாட்னி. அதே வருஷத்தில் தந்தை காலமானார். கிளாட்னி சட்டப் புஸ்தகங்களை மூடி வைத்துவிட்டு, தம் மனம் சென்ற வழியே சென்றார். அத்தொழிலால் பிழைக்கும் நாம் இதைக் குறித்து வருந்தவில்லை. அவர் சட்டத்தை விட்டாலும் சட்டம் அவரை விடவில்லை என்பதைப் பின்னால் காண்போம்.

முதலில் அவரைப் பிரசித்தமாக்கியது ஒலி. ஓர் உலோகத் தகட்டின்மேல் மெல்லிய மணலைத் தூவி, தகட்டின் ஓரத்தைப் பிடில் வில்லினால் இழுத்தால், மணல் அதிரும் இடங்களை விட்டு ஓடி, அதிராத இடங்களில் போய்ச் சேர்ந்து, கோலம் போட்டதுபோல் நிற்கும். ஸ்வரம் மாறினால் கோலமும் மாறும். இதை அவர் 1787-ல் புஸ்தகமாக வெளியிட்டார். புதிய வாத்தியங்கள் இரண்டும் செய்தார். ஆயினும் எந்தச் சர்வகலாசாலையும் அவருக்கு ஓர் ஆசிரியர் பதவி கொடுக்கவில்லை. கடைசி வரையில் கொடுக்கவேயில்லை. தம்முடைய வாத்தியங்களையும் தகடுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சென்று, பிரசங்கம் செய்து, அதில் கிடைத்த வரும்படியைக் கொண்டே ஜீவித்தார். 1809-ல் பாரிஸில் நெப்போலியன் சக்கரவர்த்தி இக்கோலங்களைக் கண்டு வியந்து, அவருடைய ஒலி நூல் பிரெஞ்சு பாஷையில் வருவதற்கு 6,000 பிராங்கு அளித்தார். நாடோடி வித்வானுக்கு அது பெரிய தொகைதான். ஆனால் பதவி ஆகாது.

இந்த ஊர் சுற்றும் வாழ்க்கையே அவரை ஆகாயக் கற்களிடம் கொண்டு சேர்த்தது. 1793-ஆம் வருஷத்தின் ஆரம்பத்தில் அவர் கோட்டிங்கன் நகரத்தில் இருந்தபோது, அங்கே பௌதிகப் பேராசிரியராக விளங்கிய லிக்டன்பர்க் என்பவருடன் பேச நேர்ந்தது. லிக்டன்பர்க் 1791-ல் வானத்தில் ஓர் அக்கினிக் கோளம் விரைந்து சென்றதைத் தாமே பார்த்தவர். மின்சாரத்தில் நிபுணராகிய அவரிடம், இவை ஒருவித மின்னல்தானா என்று கிளாட்னி வினவினார். மின்சாரத்தைக் கொண்டு அவற்றை விளக்குவது கடினம் என்றும், அவை பூமியின் வாயுமண்டலத்துக்கு அப்பாலிருந்து வருவனவாக இருக்கலாம் என்றும் லிக்டன்பர்க் சொன்னார். அவர் அந்தச் சந்தேகத்தைச் சந்தேகமாகவே விட்டுவிட்டார். கிளாட்னி விடவில்லை. உடனே கோட்டிங்கன் புஸ்தகசாலைக்குள் நுழைந்து மூன்று வாரம் பழைய ஏடுகளைப் புரட்டினார்.

இங்கேதான் வக்கீல் வெளிப்படுகிறார். அவர் தேடியது கொள்கைகளை அல்ல, சாட்சிகளை. அக்கினிக் கோளங்களைக் கண்டவர்களும், கல்லோ இரும்போ விழக் கண்டவர்களும் பல நூற்றாண்டுகளில், பல தேசங்களில், பல பாஷைகளில் எழுதி வைத்தவற்றையெல்லாம் ஒன்றுசேர்த்து அடுக்கினார். முதலில் ஒரு வெளிச்சம். பிறகு பீரங்கி முழங்கியது போன்ற வெடிச் சத்தம். பிறகு கல் விழுதல். விழுந்த கல்லின்மேல் தீய்ந்த கறுப்புத் தோல். ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திராதவர்கள், இதே வரிசையில் இதே விஷயங்களைச் சொல்லியிருந்தார்கள். கூடிப் பேசி ஜோடித்த சாட்சியம் எது, தனித்தனியே வந்து ஒத்துப்போகும் சாட்சியம் எது என்று பிரித்தறிவது நியாயஸ்தலத்தின் அன்றாட வேலையல்லவா? இத்தனை பேர் ஒரே விதமாகப் பொய் சொல்ல ஏதுவில்லை என்று அவர் தீர்மானித்தார்.

எதிர்க்கட்சியின் பலத்தையும் குறைத்துச் சொல்லுதல் நியாயமாகாது. பிரான்ஸில் லூசே என்னும் ஊரில் 1768-ல் வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் ஒரு கல் விழக் கண்டார்கள். பிரெஞ்சு சாஸ்திர சபை அதைப் பரிசோதிக்க மூவரை நியமித்தது. அவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ரசாயனத்துக்கே தந்தை எனப் புகழ் பெற்ற லவாசியே. அவர்கள் கல்லைச் சோதித்து, கந்தகமும் இரும்பும் கலந்த சாதாரணப் பூமிக் கல்லே அது, இடி விழுந்து மேலே கருகியது, அவ்வளவுதான் என்று முடிவு கூறினார்கள். கல்லை விசாரித்த அம்மேதாவிகள் கண்டவர்களின் வார்த்தைக்கு மட்டும் மதிப்பளிக்கவில்லை. குரோவேஷியாவில் ஹிராஷினா கிராமத்தில் 1751-ஆம் வருஷம் மே 26-ஆம் தேதி இரண்டு இரும்புக் கட்டிகள் விழுந்தன. பெரியது சுமார் 40 கிலோகிராம். ஜாக்ரெப் மேற்றிராணியாரின் அலுவலகத்தார் ஏழு சாட்சிகளைச் சத்தியப் பிரமாணத்தின்மேல் விசாரித்து, வாக்குமூலத்தை இரும்புடன் வியன்னாவுக்கு அனுப்பினார்கள். நாற்பது வருஷம் கழித்து, அந்த இரும்பைப் பாதுகாத்து வந்த காட்சிசாலையைச் சேர்ந்த பாதிரியார் ஒருவரே, படித்தவர்கள் அக்காலத்தில் இதை நம்பியிருக்கலாம், இக்காலத்தில் நம்புவது மன்னிக்கத் தக்கதல்ல என்ற கருத்துப்பட எழுதினார். இதில் ஒரு விசித்திரம். அவர் மறுப்பதற்காக வெளியிட்ட அந்த வாக்குமூலத்தையே கிளாட்னி தம் கட்சிக்குச் சிறந்த தஸ்தாவேஜாக எடுத்துக்கொண்டார்!

தஸ்தாவேஜு மட்டும் போதாது, பௌதிகப் பொருளும் வேண்டும். அதற்கு ஸைபீரியாவில் கிடைத்த இரும்பு அகப்பட்டது. மெத்வேதேவ் என்ற கொல்லர் ஒருவர் 1749-ல் எனிஸே நதிப் பிரதேசத்து மலையொன்றில் சுமார் 700 கிலோகிராம் எடையுள்ள ஓர் இரும்புப் பாறையைக் கண்டு, அரும்பாடுபட்டுத் தம் ஊருக்கு இழுத்து வந்திருந்தார். அது வானத்திலிருந்து விழுந்த புனிதப் பொருள் என்று அப்பக்கத்துத் தாத்தாரியர் கருதினர். பல்லாஸ் என்ற யாத்திரிகர் 1772-ல் அதைக் கண்டு உலகத்துக்கு அறிவித்தார். கடற்பஞ்சு போல் துவாரங்கள் நிறைந்த இரும்பு. அத்துவாரங்களில் மஞ்சள் கண்ணாடி மணிகள் போன்ற ஸ்படிகங்கள். அந்த இடத்தில் எரிமலை இல்லை. பழைய உலைக்களத்தில் உருகிய இரும்பு இவ்விதம் வளையும் தன்மையுடன் இராது. மின்னல் இவ்வளவு பெரிய கட்டியை உருக்கித் திரட்டாது. ஒவ்வொன்றாக இவற்றைத் தள்ளிய பிறகு மீதியிருந்தது தாத்தாரியர் சொன்னதுதான்.

1794-ல் கிளாட்னி 63 பக்கமுள்ள சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். அதில் அவர் சொன்னவை மூன்று. வானத்திலிருந்து கல்லும் இரும்பும் விழுவது மெய். அக்கினிக் கோளம் என்பது அப்படி விழும் பொருள் வாயுமண்டலத்தில் உராய்ந்து எரிவதே. அப்பொருள்கள் பூமியையோ மேகத்தையோ சேர்ந்தவையல்ல. உலகங்கள் உண்டானபோது மிஞ்சியவை, அல்லது உடைந்துபோன உலகங்களின் துண்டுகள். கோளங்களின் உயரத்தையும் வேகத்தையும் பார்த்தால், மேகத்தில் பிறந்த எதுவும் அவ்விதம் ஓடாது என்பது அவர் வாதம். கிரகங்களுக்கு இடையில் வெறும் வெளியே உண்டு என்று நியூட்டன் காலம் முதல் நம்பியவர்களுக்கு இது பித்தன் பேச்சாகப் பட்டது. வழி காட்டிய லிக்டன்பர்க்கே, முதலில் படித்தபோது அந்தக் கற்களில் ஒன்று தம் தலையில் விழுந்தாற்போல் இருந்ததென்றும், இதைக் கிளாட்னி எழுதாதிருந்திருக்கலாமென்றும் எண்ணினாராம்.

ஆனால் வானமே அவருக்குச் சாட்சி சொல்ல வந்தது. அதே 1794 ஜூன் 16-ல் இத்தாலியில் ஸியெனா நகரத்தருகே பலர் பார்க்கக் கற்கள் விழுந்தன. முந்திய தினம் வெஸூவியஸ் எரிமலை கக்கத் தொடங்கியிருந்ததால், கற்கள் அங்கிருந்து பறந்து வந்தவை என்றார்கள் சிலர்; எரிமலையோ இருநூறு மைலுக்கும் அப்பால்! 1795 டிசம்பரில் இங்கிலாந்தில் யார்க்‌ஷயரில் 56 ராத்தல் கல்லொன்று வயலில் விழுந்தது. மூன்றாவது சாட்சி நம் தேசத்திலிருந்து வந்தது. 1798-ஆம் வருஷம் டிசம்பர் 19-ஆம் தேதி இரவு காசிக்குப் பதினான்கு மைல் தூரத்தில், கோமதி நதிக்கரைப் பக்கத்துக் கிராகுத் கிராமத்தில் கற்கள் பொழிந்தன. அவற்றில் ஒன்று காவற்காரன் ஒருவனுடைய குடிசைக் கூரையைப் பொத்துக்கொண்டு தரையில் புதைந்தது. வானம் நிர்மலமாயிருந்ததென்றும், முன்பு அந்நிலங்களில் அத்தகைய கல் கிடையாதென்றும் ஊரார் சொன்னதை, காசியிலிருந்த வில்லியம்ஸ் என்ற ஆங்கிலேயர் கேட்டெழுதிக் கற்களுடன் லண்டனுக்குத் தெரிவித்தார்.

லண்டனில் ஹோவர்ட் என்னும் ரசாயனக்காரர் காசிக் கல்லையும் ஸியெனாக் கல்லையும் யார்க்‌ஷயர்க் கல்லையும் பொஹீமியாக் கல் ஒன்றையும் ஒன்றாகச் சோதித்து, எல்லாவற்றிலுமுள்ள இரும்பில் நிக்கல் கலந்திருப்பதை 1802-ல் வெளியிட்டார். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் விழுந்த கற்கள் சகோதரர்கள் போல் ஒத்திருந்தன. அந்தந்த இடத்துப் பூமிக் கற்களுடனோ ஒட்டவில்லை. அவருடன் உழைத்த பூர்னான் என்ற பிரெஞ்சுக்காரர் கல்லுக்குள் சிறு உருண்டைகள் இருப்பதைக் காசிக் கல்லில்தான் நன்கு கண்டு வர்ணித்தார். இன்றைக்கும் பெரும்பான்மையான ஆகாயக் கற்களை இனம் காட்டுவது அவ்வுருண்டைகளே. பிறகு 1803 ஏப்ரல் 26-ல் பிரான்ஸிலேயே லேகிள் என்ற ஊரில் பட்டப்பகலில் சுமார் 3,000 கற்கள் விழுந்தன. அரசாங்கம் பியோ என்ற இளம் சாஸ்திரியை அனுப்பிற்று. அவர் கிராமம் கிராமமாக நடந்து, குடியானவர்களையும் பாதிரிகளையும் தனித்தனியே விசாரித்து, கிளாட்னி புஸ்தகசாலையில் செய்ததைத் தெருவில் செய்து முடித்தார். அதோடு வழக்கு தீர்ந்தது. லூசே குடியானவர்களை நம்ப மறுத்த அதே சபையார் இந்த அறிக்கையைக் கேட்டு ஒப்புக்கொண்டார்கள்.

கிளாட்னி வெற்றி பெற்றதும் சும்மா இருக்கவில்லை. பிரயாணம் செய்த இடமெல்லாம் ஆகாயக் கற்களை விலைக்கும் பரிவர்த்தனைக்கும் நன்கொடையாகவும் சேகரித்தார். ஒலியைப் பற்றிப் பேசிய மேடைகளில் இவற்றையும் காட்டிப் பேசினார். போலிக்கும் மெய்க்கும் பேதம் காண்பது அப்போதும் பெரிய சங்கடம், இப்போதும் அப்படியே. இரும்பு உலைக் கழிவைக் கொண்டுவந்து ஆகாயக் கல் என்பவர்கள் அநேகர். புதிதாக விழுந்த மெய்யான கல்லுக்கு மெல்லிய கறுப்புத் தோல் இருக்கும். ஈரக் களிமண்ணில் கட்டைவிரலை அழுத்தியது போன்ற குழிகளும் சிலவற்றில் இருக்கும். அளவுக்கு மிஞ்சிய கனம் இருக்கும். உட்புறத்தில் உலோகப் பொட்டுகள் மின்னும். நீர்க்குமிழி போன்ற துவாரங்கள் நிறைந்திருந்தால் பெரும்பாலும் அது கழிவே. இத்தகைய கல் நேயர் எவருக்கேனும் கிட்டினால் வெறுங்கையால் தொட வேண்டாம். வியர்வையின் உப்பும் ஈரமும் இரும்பைத் துருவேற்றும். கழுவவும் உடைக்கவும் கூடாது. காந்தத்தை வைத்துப் பார்ப்பதும் இன்று விலக்கப்பட்டிருக்கிறது. கோடானு கோடி வருஷங்களாகக் கல்லில் பதிந்திருக்கும் காந்தக் குறிப்பை அது அழித்துவிடும். உலர்ந்த சுத்தமான பையில் வைத்து, விழுந்த இடம், நேரம், கண்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி, நிபுணரிடம் ஒப்படைப்பதே முறை. சாட்சியம் இல்லாத கல்லுக்குப் பாதி மதிப்புத்தான் என்பதைக் கிளாட்னியே நன்கு அறிந்திருப்பார்.

1819-ல் வியன்னாவில் தம்முடைய பெரிய நூலைப் பிரசுரித்தார். அதற்கு முன்பே, 1808-ல், அந்நகரத்து விட்மன்ஷ்டேட்டன் என்பவர் ஹிராஷினா இரும்பைப் பளபளப்பாகத் தேய்த்துக் காய்ச்சியபோது, பின்னல் வேலை போன்ற ஓர் அழகிய வரிக்கோலம் அதில் தோன்றியது. நிக்கல் கலந்த இரும்பு மிக மிக மெதுவாக ஆறினாலன்றி அக்கோலம் உண்டாகாது; பூமியில் எந்த உலையும் அவ்வளவு பொறுமையுடையதல்ல. ஏழு பேர் பிரமாணம் செய்தும் நம்பப்படாத இரும்பு தன் உடம்பிலேயே அத்தாட்சியை எழுதி வைத்திருந்தது.

உடைந்த உலகங்களின் துண்டுகள் என்று கிளாட்னி ஊகித்தது எவ்வளவு தூரம் பலித்தது என்பதை அவர் காண ஆயுள் போதவில்லை. அவர் உயிரோடிருக்கையில், 1815-ல், பிரான்ஸில் ஷஸீன்யி என்ற ஊரில் ஒரு கல் விழுந்தது. 1865 ஆகஸ்டு 25-ல் பீஹாரில் கயைக்கு அடுத்த ஷெர்காட்டியில் மற்றொன்று விழுந்தது. இவை மற்றக் கற்களைப் போல் இல்லை என்பது மட்டும் வெகு காலம் தெரிந்திருந்தது. 1976-ல் செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய வைகிங் யந்திரங்கள் அங்குள்ள வாயுவை அளந்து தெரிவித்தன. 1980-களில், ஷெர்காட்டியின் இனத்தைச் சேர்ந்த அண்டார்க்டிகாக் கல்லொன்றுக்குள் சிறைப்பட்டிருந்த வாயு அதனுடன் அப்படியே ஒத்திருக்கக் கண்டார்கள். ஆகவே அவை செவ்வாயின் துண்டுகள் என்று முடிவாயிற்று. 1982-ல் அதே பனிக் கண்டத்தில் எடுத்த வேறொரு கல் சந்திரனுடையதெனத் தெரிந்தது. மனிதர் சந்திரனிலிருந்து கொண்டுவந்த கற்களோடு வைத்துப் பார்த்ததால் அதில் சந்தேகத்துக்கு இடமில்லாமற் போயிற்று.

கிளாட்னி 1827-ஆம் வருஷம் ஏப்ரல் 3-ஆம் தேதி பிரெஸ்லாவ் நகரத்தில், பிரசங்கச் சுற்றுப்பிரயாணத்தின் நடுவிலேயே, திடீரென்று காலமானார். வயது எழுபது. தாம் சேர்த்த ஆகாயக் கற்களைப் பெர்லின் சர்வகலாசாலையின் காட்சிசாலைக்கு மரண சாஸனம் எழுதி வைத்திருந்தார். பதவி தராத சர்வகலாசாலைகளிடம் அவருக்குக் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. சந்திரனிலுள்ள ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர் வழங்குகிறது. 1990-களில் அமெரிக்காவில் ஓர் ஆகாய இரும்பைச் சோதித்தவர்கள் அதற்குள் அதுவரையில் அறியப்படாத தாது ஒன்றைக் கண்டு, அதற்குக் கிளாட்னியைட் என்று பெயரிட்டார்கள்.