லூயிஸ் கரோல்

லூயிஸ் கரோல் என்ற புனைபெயரால் அறியப்படும் சார்லஸ் லுட்விஜ் டாட்ஜ்சன் (ஜனவரி 27, 1832 – ஜனவரி 14, 1898) ஓர் ஆங்கிலேய எழுத்தாளரும் கணிதவியலாளரும் ஒளிப்படக் கலைஞரும் ஆவார். அற்புத உலகில் ஆலிஸ் (1865) இவரது புகழ்பெற்ற நூலாகும்.

வாழ்க்கை

இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்திலுள்ள டேர்ஸ்பரியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். ஆக்ஸ்போர்டு கிறைஸ்ட் சர்ச் கல்லூரியில் 1855 முதல் 1881 வரை கணித விரிவுரையாளராக இருந்தார். இளமை முதலே இவருக்குத் திக்குவாய் இருந்தது. 1861 இல் திருச்சபையில் டீக்கன் ஆனாரெனினும் குருப்பட்டம் பெறவில்லை. திக்கலும் நாடகப் பற்றும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. அன்றைய ஆக்ஸ்போர்டு ஆயர், குருமார் நாடக அரங்கிற்குச் செல்வதை ஏற்காதவர். கரோலோ நாடகம் பார்ப்பதை விட்டவரல்லர்.

1856 இல் தம் இரு பெயர்களையும் இலத்தீனாக்கி, முன்பின்னாக மாற்றிப் புனைபெயரை அமைத்துக்கொண்டார். புகழ் பெற்ற பின்னரும் இரு பெயர்களையும் கலக்கவிடவில்லை. தம் இயற்பெயரில் வெளிவராத நூல்களுடன் தமக்குத் தொடர்பில்லை என அச்சிட்ட அறிக்கையொன்றையே 1890 இல் உருவாக்கி, அறியாதவர்களின் கடிதங்களுக்கு மறுமொழியாக அனுப்பினார்.

ஆலிஸ்

1862 ஜூலை 4 அன்று தேம்ஸ் ஆற்றில் படகில் சென்றபோது, கல்லூரித் தலைவர் ஹென்றி லிடெலின் மூன்று மகள்களுக்கு இவர் சொன்ன கதையே பின்னர் நூலாயிற்று. கதையில் ஆலிஸ் சுருங்குகிறாள், நீள்கிறாள், கற்ற பாடங்களை மறக்கிறாள். தான் யாரென்று கம்பளிப்புழு வினவும்போது விடையின்றி நிற்கிறாள். இறுதியில் தன் முழு உயரத்திற்கு வளர்ந்து, அரசவையினர் வெறும் சீட்டுக்கட்டே என அஞ்சாது உரைக்கிறாள். விந்தைகளுக்கு அடியில் ஓடும் இவ்விழையே கதையின் உயிர் எனலாம்.

இசை நாடகம்

ஆலிஸ் கதையை மேடையேற்றும் விருப்பம் கரோலுக்கு நெடுநாள் இருந்தது. பாடல்களுக்கு இசையமைக்க 1877 இல் ஆர்தர் சல்லிவனை அணுகினார்; அது கைகூடவில்லை. 1886 இல் ஹென்றி சாவில் கிளார்க் இசைவு கேட்டபோது, நாடகத்தில் கொச்சைத்தனம் சிறிதும் கூடாது என நிபந்தனை விதித்தார். வால்டர் ஸ்லாட்டரின் இசையில் அவ்வாண்டு டிசம்பர் 23 அன்று லண்டன் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் அரங்கில் அது அரங்கேறியது. முதல் அங்கம் அற்புத உலகையும், இரண்டாவது கண்ணாடிக்கு அப்பாலான கதையையும் தழுவியவை.

கரோல் மேடைக்காகப் புதிய வரிகளும் எழுதினார். உண்ணப்பட்ட சிப்பிகளின் ஆவிகள் திரும்பி வந்து பழிதீர்க்கும் காட்சி அவற்றுள் ஒன்று. நூலில் இது இல்லை. 1888 இல் நாடகம் மீண்டும் மேடையேறியது.

1898 இல் கில்போர்டில் நுரையீரல் அழற்சியால் காலமானார். அங்குள்ள கல்லறையில் இயற்பெயரும் புனைபெயரும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளன.