ஏசி ஓடும்போது ஃபேனை நிறுத்துகிறீர்களா? ஏசியின் தந்தை வேலை பார்த்ததே ஒரு ஃபேன் கம்பெனியில்தான்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி, ஆரம்பாக்கம் தாண்டி நெல்லூர் சாலையில் போனால், ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் வருகிற ஊர் தடா. உங்களில் பலர் அருவிக்காக அந்தப் பக்கம் போயிருப்பீர்கள். சிலர் வேலைக்காகத் தினமும் போய் வருவீர்கள். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஸ்ரீசிட்டி இருக்கிறது. டைக்கின், ப்ளூ ஸ்டார், லாய்ட் என்று நம் வீட்டுச் சுவரில் தொங்கும் ஏசிகளின் பெயர்ப் பலகைகளை அங்கே வரிசையாகப் பார்க்கலாம். 2025 மே மாதம் எல்ஜி நிறுவனமும் அங்கே அடிக்கல் நாட்டியது.

ஆனால் ஏசி தயாராகிற ஊரிலும் கோடை கோடைதான். தடாவுக்குப் பக்கத்திலேயே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் கடல். வெயிலோடு புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ராத்திரி ஏசி போட்டால் கரண்ட் பில் எகிறும், போடாவிட்டால் தூக்கம் வராது. இந்தச் சிக்கல் திருவள்ளூர், சென்னை, கடலூர் வாசகர்களுக்கும் புதிதில்லை.

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ஏசியோடு சேர்த்து ஃபேனையும் ஓடவிட்டு, ஏசியின் வெப்பநிலையை இரண்டு டிகிரி ஏற்றி வைப்பது. சொன்னதும் பலர் நம்புவதில்லை. ஏசி ஓடும்போது ஃபேன் எதற்கு, இரண்டு செலவா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். பதிலுக்கு, நவீன ஏசியை உருவாக்கிய வில்லிஸ் கேரியரின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம்.

ஆப்பிள் துண்டில் கணக்கு படித்த பையன்

வில்லிஸ் ஹேவிலண்ட் கேரியர் 1876 நவம்பர் 26 அன்று அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், அங்கோலா என்ற சிற்றூரில் பிறந்தார். விவசாயக் குடும்பம், ஒரே பிள்ளை. பின்னத்தில் கூட்டல் கழித்தல் மண்டையில் ஏறாமல் பையன் திணறியபோது, அம்மா ஆப்பிளை அரை, கால், அரைக்கால் என்று வெட்டிக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பெரிய சிக்கலையும் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருக்கு அங்கிருந்துதான் வந்தது. அவருக்கு 11 வயதாக இருந்தபோது அந்த அம்மா இறந்துபோனார்.

1890களில் அமெரிக்காவைப் பொருளாதார மந்தம் பிடித்துக்கொண்டது. கல்லூரிக்குப் போகக் கையில் காசில்லை. சில காலம் பள்ளியில் பாடம் நடத்தினார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துப் படித்து முடித்தபோது ஆண்டு 1901. அதே ஆண்டு பஃபலோ நகரில் வேலை கிடைத்தது. வாரச் சம்பளம் 10 டாலர்.

நாம் கவனிக்க வேண்டியது அந்தக் கம்பெனியைத்தான். பெயர் பஃபலோ ஃபோர்ஜ். கொல்லன் உலைக்குக் காற்று ஊதும் கருவியும், தொழிற்சாலைகளில் சூடான காற்றைத் தள்ளும் பெரிய ஃபேன்களும் அங்கே தயாராயின. ஆக, ஏசியின் தந்தை தன் தொழிலைக் கற்றுக்கொண்டது ஃபேன் செய்கிற இடத்தில்.

அச்சகத்தில் வந்த வினை

1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் இருந்த சாக்கெட் வில்ஹெம்ஸ் அச்சகத்துக்கு ஒரு தலைவலி. வண்ணப் படங்களை அங்கே ஒவ்வொரு நிறமாக, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். காற்றில் ஈரம் ஏறினால் காகிதம் விரியும், இறங்கினால் சுருங்கும். நேற்று அடித்த மஞ்சள்மேல் இன்றைய சிவப்பு சரியாக உட்காராது. படம் பாழ், காகிதம் வீண்.

சிவகாசிக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அந்த ஊரில் அச்சுத் தொழில் தழைத்ததற்கு அங்குள்ள வறண்ட காற்றும் ஒரு காரணம். புரூக்ளினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

பிரச்சினை 25 வயது கேரியரின் மேசைக்கு வந்தது. 1902 ஜூலை 17 தேதியிட்ட அவருடைய வரைபடங்களைத்தான் நவீன ஏசியின் பிறப்புச் சான்றிதழாக இன்று சொல்கிறார்கள். குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றை ஃபேனால் தள்ளினால், காற்றில் இருக்கும் ஈரம் குழாயின் மேல் துளித்துளியாகப் படிந்துவிடும். ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பது மாதிரி. உலர்ந்த காற்று அறைக்குள் போகும்.

அவர் முதலில் தீர்க்கப் போனது மனிதரின் வெக்கையை அல்ல, காகிதத்தின் ஈரத்தை. அதற்குள்ளேயே மூன்று விஷயங்கள் இருந்தன: வெப்பம், ஈரப்பதம், காற்றோட்டம். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததுதான் கேரியரின் சாதனை.

பனிமூட்டத்தில் கிடைத்த விடை

அதே 1902-ன் பிற்பகுதியில், பிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் ஒரு குளிர்ந்த இரவு. நடைமேடை முழுக்கப் பனிமூட்டம். ரயிலுக்குக் காத்திருந்த கேரியருக்கு அப்போது ஒன்று பொறிதட்டியது. இந்தக் காற்று ஈரத்தால் நிறைந்திருக்கிறது, ஆனாலும் குளிர்ந்த காற்று என்பதால் அதில் உள்ள மொத்தத் தண்ணீர் குறைவுதான். காற்று எந்த வெப்பநிலையில் ஈரத்தால் நிறைகிறது என்பதை நாமே தீர்மானித்தால், அதில் எவ்வளவு தண்ணீர் இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானிக்கலாம்.

குளிர்காலக் காலையில் பழவேற்காடு ஏரிமேல் நிற்கும் மூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த இடம் விசித்திரமானது. குளிர்ந்த தண்ணீரைப் பூவாளி மாதிரி தெளித்து, அதற்குள் காற்றைச் செலுத்தி, அந்தக் காற்றை உலர வைக்கும் கருவி! இதற்கான காப்புரிமை 1906 ஜனவரி 2 அன்று கிடைத்தது. வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உள்ள கணக்கை 1911-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர்கள் சங்கத்தின் முன் ஆய்வறிக்கையாக வைத்தார். ஏசி படிக்கும் மாணவர்கள் இன்றும் அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள்.

1914-ல் பஃபலோ ஃபோர்ஜ் ஒரு கையேடு வெளியிட்டது. பெயர் ‘ஃபேன் இன்ஜினியரிங்’. அதைத் தொகுத்தவரும் இதே கேரியர்தான்.

விசிறிகள் இறங்கிய நாள்

பஃபலோ ஃபோர்ஜ் இந்தப் புதுத் தொழிலில் ஆர்வம் குறைத்துக்கொண்டதும், கேரியரும் நண்பர்களுமாக 7 பொறியாளர்கள் 1915-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். அதுவரை குளிரூட்டும் இயந்திரங்களில் பெரும்பாலும் அம்மோனியா இருந்தது. கசிந்தால் ஆபத்து, எனவே கூட்டம் கூடும் இடத்துக்கு ஒத்துவராது. 1922-ல் கேரியர் புதுவகை இயந்திரத்தைக் காட்டினார். அளவில் சிறியது, ஆபத்தும் குறைவு. 1924-ல் டெட்ராய்டின் ஹட்சன் கடையில் அது ஓடியது.

1925-ல் நியூயார்க்கின் ரிவோலி தியேட்டர். ஏசி பொருத்திய முதல் நாள், கூட்டம் உள்ளே வந்தபோது குளிர் இன்னும் சரியாகப் பரவவில்லை. ஜனங்கள் கொண்டுவந்த கைவிசிறிகளை வீசிக்கொண்டே இருந்தார்கள். பின்னால் நின்று பார்த்த கேரியருக்குத் திக்திக். கொஞ்ச நேரத்தில் ஒரு விசிறி இறங்கியது, பிறகு இன்னொன்று, பிறகு மொத்த அரங்கமும். வெற்றி!

அன்றைக்கு அது நியாயமான வெற்றிதான். ஆனால் ஏசி வந்தால் விசிறி தேவையில்லை என்ற எண்ணமும் அப்படியே நம் மனதில் ஒட்டிக்கொண்டுவிட்டது. நம் வீட்டில் கரண்ட் பில் ஏறுவதில் அந்த எண்ணத்துக்கும் பங்கு உண்டு.

கேரியர் 1950 அக்டோபர் 7 அன்று, 73 வயதில் காலமானார். வீட்டுக்கு வீடு ஏசி என்ற காலம் பெரிதாக வளர்ந்தது அதற்குப் பிறகுதான்.

சரி, ஃபேன் என்ன செய்கிறது?

ஃபேன் அறையின் வெப்பநிலையைக் குறைப்பதில்லை. மோட்டார் சூட்டால் சொல்லப்போனால் ஒரு துளி கூட்டவே செய்கிறது. அது குளிர்விப்பது உங்களைத்தான். உடம்பை ஒட்டியிருக்கும் வெதுவெதுப்பான காற்றை விலக்கி, வியர்வையைச் சீக்கிரம் ஆவியாக்குகிறது. ஏசி காற்றை உலர்த்தி வைத்திருப்பதால் அந்த அறைக்குள் வியர்வை இன்னும் சுலபமாகக் காயும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்தாசை.

சீலிங் ஃபேன் ஓடினால் ஏசியைச் சுமார் 2 டிகிரி ஏற்றி வைத்தாலும் அதே சுகம் கிடைக்கும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஏசியில் ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது நம் மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. 2020 ஜனவரி 1 முதல் நட்சத்திர முத்திரை பெற்ற ஏசிகள் 24 டிகிரியில் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதி வந்ததும் இதனால்தான்.

இப்போது கணக்குப் போடுவோம். உங்கள் ஏசி மணிக்கு சராசரியாக 1 யூனிட் எடுக்கிறது, ராத்திரி 8 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 8 யூனிட். 24-லிருந்து 26-க்கு மாற்றினால் 12 சதவீதம், அதாவது 0.96 யூனிட் மிச்சம்.

பழைய ஃபேன் 75 வாட் எடுக்கும். 8 மணி நேரத்துக்கு 0.6 யூனிட். நிகர மிச்சம் 0.36 யூனிட். 120 இரவுகளுக்கு சுமார் 43 யூனிட்.

பிஎல்டிசி ஃபேன் என்றால் சுமார் 30 வாட். 8 மணி நேரத்துக்கு 0.24 யூனிட். நிகர மிச்சம் 0.72 யூனிட். 120 இரவுகளுக்கு சுமார் 86 யூனிட், அதாவது இரண்டு மடங்கு.

20 டிகிரியில் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்பவர்களுக்கு மிச்சம் இதைவிட அதிகம். யூனிட் ஏற ஏறக் கட்டண விகிதமும் ஏறும் என்பதால், மிச்சமாவது பெரும்பாலும் விலை அதிகமான யூனிட்டுகள்தான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஃபேனை மட்டும் போட்டுவிட்டு ஏசியை 24-லேயே விட்டால் ஒரு பைசா மிஞ்சாது. பழைய ஃபேன் என்றால் 120 இரவில் 72 யூனிட் கூடுதலாகத்தான் ஓடும். ஃபேன் சுவிட்சைப் போடும் அதே கை ரிமோட்டையும் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் லாபம்.

நீங்கள் செய்ய வேண்டியது

ஏசியை 26-ல் வையுங்கள், ஃபேனை நடுத்தர வேகத்தில் விடுங்கள். இரண்டு மூன்று ராத்திரி பழகிப் பாருங்கள். சரியாக இருந்தால் 27-க்கும் போகலாம்.

அறையில் ஆள் இல்லையென்றால் ஃபேனை நிறுத்திவிடுங்க. காலி அறையில் அது யாரையும் குளிர்விக்கப்போவதில்லை.

கடலோர ஊரில் மழைக்கால இரவுகளில் வெக்கையைவிடப் புழுக்கம்தான் அதிகம் என்றால், ஏசியில் இருக்கும் ‘டிரை’ முறையோடு ஃபேனைச் சேர்த்துப் பாருங்கள். கேரியர் தொடங்கிய இடமே ஈரம்தானே.

ஏசி இல்லாத வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. அறை வெப்பநிலை 40 டிகிரியைத் தாண்டினால் ஃபேன் காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடாக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அந்த நேரத்தில் ஃபேனை மட்டும் நம்பாதீர்கள். தண்ணீர் கொடுங்கள், ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள், குளிர்ச்சியான இடத்துக்கு அழைத்துப் போங்கள்.

2019-ல் வெளியான இந்தியக் குளிரூட்டல் செயல்திட்டத்தின்படி, அன்றைக்கு நாட்டில் 100 வீடுகளில் சுமார் 8 வீட்டில்தான் ஏசி இருந்தது. இனி வாங்கப்போகிறவர்கள்தான் அதிகம், அதற்காகத்தான் தடா பக்கத்தில் அத்தனை தொழிற்சாலைகள். புதிதாக ஏசி வாங்குகிற வீட்டில், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் ஃபேனுக்கு ஓய்வு கொடுத்துவிடாதீர்கள். இன்று ராத்திரி படுக்கும் முன்பு ரிமோட்டில் என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.