மேடைப் பேச்சு சட்டமான கதை: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்க நண்பர்கள் கேட்டபோது, மோட்டார் பம்பு பற்றியோ காற்றாலை பற்றியோ எழுதலாம் என்றுதான் நினைத்தேன். பொறியாளன் வேறு எதை எழுதுவான்? ஆனால் நம் கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் இப்போது மாணவிகள்தான் அதிகம் பரிசு வாங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனசு மாறிவிட்டது. பேச்சு என்ற கருவியை வைத்துக்கொண்டு ஒரு பெண்மணி என்னென்ன செய்தார் என்று சொல்லலாமே!

அவர் பெயர் நமக்குப் புதிதல்ல. கூடலூரிலிருந்து ஆண்டிபட்டி வரை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மகப்பேறு நிதியுதவித் திட்டத்தோடு சேர்த்து அந்தப் பெயரைக் கேட்டிருப்போம். முத்துலட்சுமி பணம் வந்துருச்சா என்று நம்ம ஊர்த் தாய்மார்கள் விசாரிப்பதை நானே கேட்டிருக்கிறேன். அந்த முத்துலட்சுமி யார் என்று கேட்டால்தான் பலருக்கும் தெரிவதில்லை.

புதுக்கோட்டையில் 1886-ம் ஆண்டு ஜூலை 30-ம் நாள் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடப்பட்ட பெண்களின் துயரத்தை முத்துலட்சுமி புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தாய் வழி உறவிலேயே பார்த்து வளர்ந்தார்.

மெட்ரிகுலேஷன் தேறியதும் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் படிக்கும் கல்லூரி. ஒரு பெண் வந்தால் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்று எதிர்ப்புக் கிளம்பியது. தாயின் குலத்தையும் இழுத்துப் பேசினார்கள். புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு இடம் கொடுத்தார். பிறகு 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-ல் பதக்கங்களோடு பட்டம் பெற்றார். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோதும், தன்னைச் சமமாக மதிக்க வேண்டும் என்று முன்கூட்டியே உறுதி வாங்கிக்கொண்டார். அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணுக்கு இந்தத் தைரியம் வரும், சொல்லுங்கள்!

1926-ல் மேல்படிப்புக்காக இங்கிலாந்தில் இருந்த சமயம், பாரிஸ் நகரில் நடந்த பெண்கள் வாக்குரிமை மாநாட்டுக்கு இந்தியாவின் சார்பில் சென்றார். ஊர் திரும்பியதும் சென்னை சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். உள்ளே போனதும் துணைத் தலைவராகவும் ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி கிடைத்துவிட்டது என்று சும்மா உட்கார்ந்துவிட்டாரா? 1927 நவம்பரில், கோயில்களில் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை நிறுத்த வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்து பேசினார்.

எதிர்த்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய நாவலர்களே எதிரணியில் நின்றார்கள். தேவதாசிப் பெண்களில் ஒரு பகுதியினரும் சங்கம் அமைத்து அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். பரம்பரையாக வந்த கலையும் சொத்துரிமையும் பறிபோகும் என்பது அவர்கள் பயம். அந்தப் பயத்தில் நியாயம் இல்லை என்று தள்ளிவிட முடியாது. இங்கேதான் முத்துலட்சுமியின் கெட்டிக்காரத்தனம் எனக்குப் பிடித்தது. ஒரு இயந்திரம் கோளாறு செய்தால் சத்தம் வரும் இடத்தை மட்டும் தட்டிப் பிரயோசனம் இல்லை, காரணம் எங்கே என்று தேட வேண்டும். அவர் தேடினார். கோயில் சேவை செய்தால்தான் மானிய நிலம் கையில் இருக்கும் என்ற ஏற்பாடு. நிலத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் வீட்டில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்டியாக வேண்டும். அந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தார். அவர் முயற்சியால் 1929-ல் வந்த சட்டத் திருத்தம், சேவைக் கடமையிலிருந்து அந்த நிலங்களை விடுவித்தது. சேவை செய்யாவிட்டாலும் நிலம் அந்தப் பெண்களுக்கே என்றானது.

அதோடு விடவில்லை. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அதே ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகத்தில் காந்தியடிகள் கைதானதும், பதவியைத் தூக்கி எறிந்துவிட்டு வெளியே வந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. ஆனால் அவர் ஓயவில்லை. சபைக்கு வெளியே பேசினார், எழுதினார், மனுப் போட்டார். இன்னொரு பக்கம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அந்தக் கொடுமையைத் தாமே அனுபவித்தவர், ஊர் ஊராக மேடை ஏறி முழங்கினார். கடைசியில் 1947-ல் சட்டம் நிறைவேறியது. முதல் தீர்மானத்துக்கும் கடைசிச் சட்டத்துக்கும் நடுவில் 20 ஆண்டுகள்! ஒரு பேச்சுக்குக் கைதட்டல் வரவில்லை என்று முகம் வாடும் தம்பி தங்கைகள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சொன்னதைச் செய்தும் காட்டினார். பொட்டுக்கட்டும் வாழ்க்கையிலிருந்து தப்பி வந்த சிறுமிகளுக்கு 1930-ல் தம் வீட்டிலேயே இடம் கொடுத்தார். அதுவே அவ்வை இல்லமாக வளர்ந்தது. 1923-ல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், அந்த வேதனையை மறக்காமல் பணம் திரட்டி, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இன்று நம் பள்ளத்தாக்கிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து அடையாறுக்குப் போகும் ஏழைக் குடும்பங்கள் எத்தனையோ. 1956-ல் பத்மபூஷண் விருது பெற்ற அந்த அம்மையார் 1968 ஜூலை 22-ம் நாள் மறைந்தார்.

மாணவ மாணவியரே, நம் பக்கத்தில் பிளஸ் டூ முடிக்கும் முன்னே பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அதைப் பற்றிப் போட்டியில் 5 நிமிஷம் பேசிக் கோப்பை வாங்குவது சுலபம். அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுதான் கஷ்டம். பேச வேண்டிய இடம் அதுதான்.

முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேடை ஏற முடிந்தவர்கள்தான் பேச முடியும். நம் கல்லூரி அரங்க மேடைக்குப் படிக்கட்டு மட்டுமே உண்டு. காலிப்பர் போட்டு நடக்கும் மாணவியும் சக்கர நாற்காலியில் வரும் மாணவனும் கீழே நின்று கைதட்டிவிட்டுப் போக வேண்டியதுதானா? மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் அவர்களுக்கு 5 சதவீத இடம் தரச் சொல்கிறது. இடம் கொடுத்துவிட்டு மேடையை மறுக்கலாமா? ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் சாய்தளம் கட்ட வேண்டும். மேடை 3 அடி உயரம், ஆக 36 அடி. திருப்பம் வைத்துக் கட்டினால் பக்கவாட்டு இடமே போதும். வரைபடம் போட்டுத் தருவது என் பொறுப்பு. செங்கல், சிமெண்டுக்கான செலவை இந்தக் கூட்டத்திலேயே சங்கம் முடிவு செய்யட்டும். அடுத்த ஆண்டு விழாவில் முதல் பேச்சாளர் அந்தச் சாய்தளத்தின் வழியாக மேடைக்கு வரட்டும்.