முத்துச் சிப்பியைத் தேடி வந்தவர்

விருதுநகரிலிருந்து தெற்கே போனால் தூத்துக்குடி. பாண்டியர் காலம் முதல் முத்துக்குப் பேர்போன கடல் அது. அந்தக் கடலில் ஒரு விசித்திரம் உண்டு. சில ஆண்டுகள் சிப்பி குவிந்து கிடக்கும். பிறகு பல ஆண்டுகள் ஒன்றுகூட இராது. முத்துக்குளிப்பவர்கள் பிழைப்பின்றித் தவிப்பார்கள்.

சிப்பிகள் எங்கே போய்விடுகின்றன? இந்தப் புதிருக்கு விடை தேடியவர் ஜேம்ஸ் ஹார்னெல்.

1865-ல் பிறந்த அவர், ஜெர்சி தீவில் கடல் உயிர்களை ஆராய்ந்து வந்தார். அக்கரையில் இலங்கையிலும் 1891-க்குப் பின் முத்துக்குளிப்பு நின்று போயிருந்தது. காரணம் அறிய 1902-ல் பேராசிரியர் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். ஹார்னெலும் உடன் வந்தார். ஹெர்ட்மன் ஊர் திரும்பினார்; ஹார்னெல் தங்கிவிட்டார்.

மன்னார் கடலில் பெரிய பார் என்று ஓர் இடம். பார் என்றால் கடலடித் திட்டு. அங்கே மார்ச் மாதத்தில் குஞ்சுச் சிப்பிகள் கோடி கோடியாகக் கிடந்தன. நவம்பரில் ஹார்னெல் போய்ப் பார்த்தார். ஒன்றையும் காணோம்!

குளிப்பவர்கள் அதைத் தாய்ப்பார் என்பார்கள். அங்கே பிறக்கும் குஞ்சுகள் மற்றப் பார்களுக்குக் குடிபோவதாக அவர்களுடைய நம்பிக்கை. உண்மை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று எழுப்பிய நீரோட்டம் அவற்றை அடித்துப் போயிருந்தது.

சிப்பிக் குஞ்சின் கதை வியப்பானது. முட்டையிலிருந்து வந்ததும் அது சுமார் மூன்று வாரம் நீரில் மிதந்து திரியும். கடுகைவிடச் சிறிய உருவம். பிறகு அதற்கு ஒரு கால் முளைக்கும். அந்தக் காலால் தரையைத் தடவிப் பார்க்கும். பிடிக்காவிட்டால் மறுபடி நீந்திப் போகும். கல்லோ பழைய சிப்பியோ கிடைத்தால், நூல் போன்ற இழைகளால் இறுகப் பிடித்துக்கொள்ளும். வெறும் மணலில் விழுந்தால் புதைந்து சாகும்.

ஆகவே கடலடியில் கல்லும் சிப்பி ஓடும் போட வேண்டும், ஆபத்தான பாரிலுள்ள குஞ்சுகளை நல்ல பாருக்கு மாற்ற வேண்டும் என்று இருவரும் யோசனை கூறினார்கள். 1903-ல் இலங்கையில் குளிப்பு மீண்டும் நடந்தது. ஆனால் 1907-க்குப் பின் மறுபடி பஞ்சம். கடல் மனிதனுக்குக் கட்டுப்படவில்லை.

1908-ல் ஹார்னெல் சென்னை அரசின் மீன்துறைக்கு வந்தார். பின்னர் அதன் இயக்குநரும் ஆனார். தூத்துக்குடியின் முத்தையும் சங்கையும் பற்றி நூல்கள் எழுதினார். 1949-ல் காலமானார்.

தூத்துக்குடியில் 1961-ல் நடந்ததே கடைசி முத்துக்குளிப்பு. ஆனால் 1981-ல் அதே ஊரில், மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் தொட்டியிலேயே முத்துச் சிப்பிக் குஞ்சுகளை வளர்த்துக் காட்டினார்கள். வடிகட்டிய கடல் நீர். உணவுக்குக் கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி. காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் அங்கே இடமில்லை. மூன்று வாரம் திரிந்த குஞ்சுகள் தொட்டிச் சுவரையே தங்கள் வீடாகத் தேர்ந்துகொண்டன.

ஹார்னெல் கடலடியில் அமைக்க விரும்பிய வீடு, கரையிலேயே அமைந்துவிட்டது!