ரப்பர் பட்டை கண்டுபிடித்த கெக்ரெஸ்

1/35 அளவில் ஹாஃப்-ட்ராக் மாடல் செய்யறவங்க பலரும், பின்பக்கப் பட்டைக்கு டாங்கி மாதிரியே இரும்பு நிறம் அடிச்சுடறாங்க. அமெரிக்க எம்3 வண்டின்னா அது தப்பு. அந்தப் பட்டை ரப்பர். கருஞ்சாம்பல் அடிச்சு, நடுவில் இருக்கற பற்களுக்கு மட்டும் லேசா இரும்புப் பளபளப்பு கொடுத்தாப் போதும்.

அந்த ரப்பர் யோசனை அடால்ஃப் கெக்ரெஸுடையது. 1879-ல் பிரான்சில் பிறந்தவர். ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலஸின் கார்களைக் கவனிச்சுக்கிட்டிருந்தார். ராஜா வண்டின்னாலும் பனியில் சக்கரம் புதையத்தானே செய்யும்? பின்சக்கரத்தைக் கழற்றிட்டு, வளையும் பட்டையை மாட்டினார். 1917 புரட்சியில் வேலையும் போச்சு, நாட்டை விட்டும் கிளம்ப வேண்டியதாச்சு. (வேடிக்கை என்னன்னா, அப்புறம் லெனினும் கெக்ரெஸ் பட்டை போட்ட ரோல்ஸ் ராய்ஸில்தான் போனார்!)

பிரான்சில் சிட்ரோயன் அவரைச் சேர்த்துக்கிட்டது. 1922 டிசம்பரில் கிளம்பிய ஐந்து வண்டிகள் சஹாராவைக் கடந்து, 1923 ஜனவரியில் திம்பக்டு சேர்ந்தன. 1931-ல் அமெரிக்க ராணுவம் ஒரு வண்டி வாங்கிச் சோதிச்சது. அதோட வாரிசுதான் எம்3. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒரு தகவல்: இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ் யோசனையிலும் இவர் முன்னோடி.

1943-ல், ஜெர்மானியர் பிடியில் இருந்த பிரான்சிலேயே இறந்துபோனார். 1944 ஆகஸ்ட் 24 இரவு, பாரிசை மீட்க முதலில் நுழைந்த லெக்ளெர்க் படைப்பிரிவினர் பலர் அதே ஹாஃப்-ட்ராக்கில்தான் வந்தாங்க. ஒரு வண்டியின் பேர் குவாதலஹாரா. அந்த வண்டியைச் செய்யறீங்கன்னா, ஐந்து செ.மீ. பொம்மைகளுக்கு அமெரிக்கச் சீருடை நிறமே அடிங்க. உள்ளே இருந்தவங்க மட்டும் ஸ்பெயின்காரங்க.