நோபல் கிடைத்தும் கடைக்கு வராத கலர் போட்டோ: யார் இந்த கேப்ரியல் லிப்மன்?

சாயம் கிடையாது, மை கிடையாது. ஆனாலும் கலர் போட்டோ! 1891-ல் இதைச் செய்து காட்டியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் கேப்ரியல் லிப்மன். இதற்காகவே 1908-ல் நோபல் பரிசும் வாங்கினார். ஆனால் அந்த முறை மக்களிடம் போய்ச் சேரவே இல்லை. ஏன்? அப்புறம் அது என்ன ஆச்சு?

ஆசிரியர் தேர்வில் தோல்வி

1845-ல் லக்சம்பர்க்கில் பிறந்தவர் லிப்மன். சின்ன வயதிலேயே குடும்பம் பாரிஸுக்கு வந்துவிட்டது. பிடித்த பாடத்தை மட்டும்தான் படிப்பார், மற்றதைக் கண்டுகொள்ளவே மாட்டார். விளைவு, ஆசிரியர் பணிக்கான தேர்வில் தோல்வி.

ஆனால் ஆய்வுக்கூடத்தில் ஆள் கில்லாடி. மிகக் குறைந்த மின்னழுத்தத்தையும் அளக்கும் கருவியை உருவாக்கினார். 1887-ல் மனித இதயத்தின் மின்துடிப்பு முதன்முதலில் பதிவானது அந்த வகைக் கருவியில்தான். பிறகு பாரிஸ் சோர்போனில் பேராசிரியர் ஆனார். மேரி கியூரியும் இவரது ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர்தான்.

கலர் வந்தது எப்படி?

போட்டோ தட்டின் பின்னால் பாதரசத்தை வைத்தார் லிப்மன். அது கண்ணாடி மாதிரி ஒளியைத் திருப்பி அனுப்பும். உள்ளே வரும் ஒளியும் திரும்பும் ஒளியும் எதிரெதிரே மோதும்போது, சில இடங்களில் வெளிச்சம் கூடும், சில இடங்களில் இருட்டாகும். வெளிச்சமான இடங்களில் வெள்ளித் துகள்கள் அடுக்கடுக்காகப் படியும்.

சிவப்பு ஒளிக்கு அடுக்குகளின் இடைவெளி அதிகம், நீலத்துக்குக் குறைவு. அந்தத் தட்டில் வெள்ளை வெளிச்சம் பட்டால், ஒவ்வொரு அடுக்கும் தனக்குரிய நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். சோப்புக் குமிழியில் கலர் தெரிகிறதே, கிட்டத்தட்ட அதே கதைதான்.

பிறகு ஏன் ஓடவில்லை?

ஒரு படம் எடுக்க நிமிடக்கணக்கில் ஆகும். பிரதி எடுக்க முடியாது. சரியான கோணத்தில் பார்த்தால்தான் நிறமே தெரியும். 1907-ல் லூமியே சகோதரர்களின் ஆட்டோக்ரோம் தட்டு விற்பனைக்கு வந்தது. அது சுலபம், மக்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். லிப்மனுக்கு நோபல் கிடைத்ததே அதற்கு அடுத்த வருடம்தான்! 1921 ஜூலையில், வட அமெரிக்காவிலிருந்து பிரான்ஸ் திரும்பும் வழியில் கப்பலிலேயே காலமானார்.

41 ஆண்டுகள் கழித்து...

1962-ல் சோவியத் விஞ்ஞானி யூரி டெனிஸ்யுக் இதே யோசனையைக் கையில் எடுத்தார். தட்டின் பின்னால் கண்ணாடிக்குப் பதில் பொருளையே வைத்தார். பொருளில் பட்டுத் திரும்பிய ஒளி, முன்னால் இருந்து வந்த ஒளியைச் சந்தித்தது. முப்பரிமாணமே பதிவானது. அதுதான் பிரதிபலிப்பு ஹாலோகிராம்.

அடுத்து வந்தது லித்தியம் நியோபேட் போன்ற படிகங்கள். எதிரெதிரே இரண்டு லேசர் கதிர்களை விட்டால், வெளிச்சமான இடங்களில் இருந்து எலக்ட்ரான்கள் இருட்டான இடங்களுக்கு நகரும். அங்கே உருவாகும் மின்புலம், படிகம் ஒளியை வளைக்கும் அளவை இடத்துக்கு இடம் மாற்றிவிடும். அதே அடுக்குகள் ரெடி! தட்டைக் கழுவ வேண்டாம். சீரான வெளிச்சத்தைப் பாய்ச்சினால் அழித்துவிட்டு மறுபடியும் எழுதலாம்.

கடையில் தோற்றது லிப்மனின் போட்டோ மட்டும்தான். எதிரெதிர் ஒளியால் அடுக்குகளை எழுதும் அவரது யோசனை இன்றும் ஆய்வுக்கூடங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது.